வஞ்சியூர்ப் பதிவேடுகளும் வாடகைக் குடித்தனங்களும்

1957 ஏப்ரல் 5 அன்று இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு தலைமையில் கேரளத்தின் முதல் அமைச்சரவை திருவனந்தபுரத்தில் பதவியேற்றது. ஆறு நாள் கழித்து, ஏப்ரல் 11 அன்று, நிலத்திலிருந்தும் குடிசையிலிருந்தும் மக்களை வெளியேற்றுவதை நிறுத்தி வைக்கும் அவசரச் சட்டம் வந்தது. அடுத்தவர் மண்ணில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர்கள் அந்த மண்ணையே வாங்கிக்கொள்ளப் பின்னால் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம் வழிசெய்தது. ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், பெருநகரத்தில் 3 சென்ட் வரை உரிமை கிடைத்தது. இந்த வரலாற்றைக் கேரளம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அதே நகரத்தில் மாத வாடகைக்கு ஒரு வீட்டிலோ கடையிலோ இருப்பவருக்கு அந்த வரலாற்றில் இடமில்லை. அவருக்கென்று இருப்பது 1965ஆம் ஆண்டின் கேரளக் கட்டடக் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது அவருக்கு மண் எதையும் தராது. எந்தக் காரணத்துக்காக அவரைக் காலி செய்யச் சொல்லலாம், எதற்காகச் சொல்லக் கூடாது என்று மட்டுமே வகுத்துச் சொல்கிறது.

அந்தச் சட்டத்தின்கீழ் நகரத்தில் நடக்கும் வழக்குகள் வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்தில் சேர்கின்றன. முன்சீப் ஒருவரே வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றமாக அமர்ந்து விசாரிக்கிறார். மேல்முறையீடு மாவட்ட நீதிபதியிடம். சீராய்வு மனு எர்ணாகுளத்தில் உள்ள உயர் நீதிமன்றத்தில். இன்று இந்த வழக்குகளின் விவரம் எவர் கைபேசியிலும் வந்துவிடும். பெயரைத் தட்டினால் வழக்கு வருகிறது. ஆனால் இந்த நகரத்தில் ஓராண்டில் எத்தனை குடும்பங்கள் நீதிமன்ற உத்தரவால் வீட்டை விட்டு இறங்கின, அவற்றில் வாடகை பாக்கிக்காக எத்தனை, வீட்டுக்காரரின் சொந்தத் தேவைக்காக எத்தனை என்று பிரித்துச் சொல்லும் அட்டவணை ஒன்று பொதுமக்கள் பார்வைக்கு வருவதில்லை. தனி மனிதரின் பெயர் திறந்து கிடக்கிறது, ஊரின் கணக்கு மூடிக் கிடக்கிறது. இந்த ஏற்பாடு தலைகீழாக இருக்கிறது என்பதைக் காட்டுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் சட்டம். அதன் 11ஆம் பிரிவைப் படித்தவர்களுக்குத்தான் இந்தப் பதிவுகளைப் படிக்க வரும். 11(2) வாடகை பாக்கி. 11(3) வீட்டுக்காரருக்கோ அவரை நம்பியுள்ள குடும்பத்தாருக்கோ அந்த இடம் உண்மையிலேயே தேவைப்படுவது. 11(4)இல் உள்வாடகைக்கு விடுதல், கட்டடத்துக்குச் சேதம் விளைவித்தல், வேறு இடம் கைக்கு வந்த பிறகும் விடாதிருத்தல், இடித்துக் கட்ட வேண்டிய நிலை, ஆறு மாதம் தொடர்ந்து பூட்டிப் போட்டிருத்தல் ஆகியவை உண்டு. 11(8) வீட்டுக்காரர் அதே கட்டடத்தில் இருந்துகொண்டு கூடுதல் இடம் கேட்பது. இவற்றில் சில வாடகைதாரரின் குற்றம், சிலவற்றில் அவர்மீது தூசியளவு குறையும் கிடையாது. நாற்பது வருடம் ஒரு மாதம் தவறாமல் வாடகை கொடுத்தவரும், வீட்டுக்காரரின் மகன் கடை வைக்க வேண்டும் என்றால், 11(3)இன்கீழ் எதிர்மனுதாரர் ஆகிவிடுவார். பட்டியலில் அவர் பெயரும், வருடக்கணக்கில் வாடகை கொடுக்காதவர் பெயரும் ஒரே வரிசையில், ஆர்.சி.பி. (வாடகைக் கட்டுப்பாட்டு மனு) என்ற ஒரே வகை எண்ணோடு நிற்கும்.

இந்தச் சட்டம் அறிவிக்கப்பட்ட பகுதிகளில், திருவனந்தபுரம் நகரம் உட்பட, பலரும் அறியாத ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் 11 மாதத்துக்கு எழுதப்படுகின்றன. ஓராண்டைத் தாண்டினால் பத்திரப் பதிவு கட்டாயம் என்பதே அதற்குக் காரணம். பதினோரு மாதம் முடிந்ததும் "டைம் முடிஞ்சாச்சு, காலி பண்ணுங்க" என்று வீட்டுக்காரர் சொன்னதும் பயந்து சாமான் கட்டுகிற குடும்பங்கள் எத்தனையோ. காலம் முடிந்தது என்பது 11ஆம் பிரிவு சொல்லும் காரணங்களில் ஒன்றாக இல்லை. வாடகை பாக்கி என்றாலும் எடுத்த எடுப்பில் மனுப் போட முடியாது. பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, அது கிடைத்து 15 நாள் ஆகியும் பணம் வராவிட்டால்தான் மனு நிற்கும். அதற்குப் பிறகும் ஒரு வாசல் உண்டு. வெளியேற்ற உத்தரவு வந்து ஒரு மாதத்துக்குள், அல்லது நீதிமன்றம் நீட்டிக் கொடுத்த காலத்துக்குள், பாக்கியை வட்டியோடும் செலவுத் தொகையோடும் கட்டிவிட்டால் உத்தரவு ரத்தாகும். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பதிவில் "மனு அனுமதிக்கப்பட்டது" என்று இருக்கும். அந்தக் குடும்பமோ பணத்தைக் கட்டிவிட்டு அதே வீட்டில் இருந்துகொண்டிருக்கும்.

இன்னொரு பக்கம், வழக்காட வேண்டுமென்றால் வாடகைதாரர் தான் ஒப்புக்கொள்ளும் பாக்கியை முதலில் கட்டியாக வேண்டும். 12ஆம் பிரிவு இதில் கண்டிப்பானது. கட்டத் தவறி, தக்க காரணமும் காட்டாவிட்டால், விசாரணை அத்தோடு நின்று இடத்தை ஒப்படைக்கும் உத்தரவு வந்துவிடும். வேலை போனதால் பாக்கி வைத்தவர் தன் பக்க நியாயத்தைச் சொல்லுமுன்பே வழக்கு முடிந்துபோக இதுவே வழி.

சாலைக் கடைத்தெருவுக்கு வருவோம். ராஜா கேசவதாசர் திவானாக இருந்த காலத்தில் உருவான அந்தத் தெருவில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வியாபாரிகள் பிழைத்திருக்கிறார்கள். பாத்திரக் கடை நடத்திக்கொண்டே எழுதிய ஆ. மாதவன் தமிழ் வாசகர்களுக்கு அந்தத் தெருவை ஊரறியச் செய்தவர். இங்கே கடை வைத்திருப்பவருக்கும் 11(3)க்கும் இடையே நிற்பது அந்தப் பிரிவின் இரண்டாவது காப்பு வாசகம். அந்தக் கட்டடத்தில் நடக்கும் வியாபார வருமானத்தை முதன்மையாக நம்பி வாழ்பவர், அதே வட்டாரத்தில் மாற்றுக் கடை கிடைக்காத நிலையில் இருந்தால், அவரை வெளியேற்றக் கூடாது. படிக்கும்போது பெரிய அரணாகத் தெரிகிறது. நீதிமன்றத்தில் அதன் சுமை முழுவதும் வாடகைதாரர் தலையில். வருமானம் முதன்மையாக இதுதான் என்பதையும், வேறு கடை இல்லை என்பதையும், இரண்டையும் அவர் நிரூபிக்க வேண்டும். ஒன்றில் சறுக்கினாலும் காப்பு போயிற்று.

இதை எப்படி நிரூபிப்பது? மகன் வெளிநாட்டில் பணம் அனுப்புகிறாரா, மனைவிக்குச் சம்பளம் உண்டா என்று குறுக்கு விசாரணையில் கேள்வி வரும். கணக்குப் புத்தகம் கேட்பார்கள். வரிக் கணக்கு கேட்பார்கள். சில்லறைக்குச் சாம்பிராணியும் கற்பூரமும் விற்பவரிடம் அன்றாடச் சிட்டை இருக்கும், தணிக்கை செய்த கணக்கு இருக்காது. மாற்றுக் கடை கிடைக்குமா என்று பார்க்க வழக்கறிஞர் ஒருவரை ஆணையராக அனுப்பும்படி மனுப் போடுவது வழக்கம். ஆணையர் தெருவில் நடந்து, பூட்டிய ஷட்டர்களை எண்ணி, எது வாடகைக்குக் கிடைக்கும் என்று விசாரித்து அறிக்கை தருவார். பூட்டிய ஷட்டர் ஒன்று கண்ணில் பட்டாலும் போதும், வாடகைதாரரின் வாதம் ஆட்டம் கண்டுவிடும். அந்த ஷட்டருக்கு எவ்வளவு பகிடி, அதாவது கைமாற்றுத் தொகை, கேட்கிறார்கள், அவ்வளவு தொகைக்கு இவரால் போக முடியுமா என்பது வேறு சண்டை.

குடியிருப்பு வீடுகளுக்கு இந்தக் காப்புகூட இல்லை. வீட்டுக்காரருக்கு அதே ஊரில் வேறு காலி வீடு இருந்தால் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற முதல் காப்பு வாசகம் உண்டு, அவ்வளவுதான். பிழைப்பைக் காக்கும் வாசகம் இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையோ படுக்கையில் கிடக்கும் கிழவியையோ கணக்கில் எடுக்கும் வாசகம் 11(3)இல் இல்லை. 11(8)இல் மட்டும் வாடகைதாரரின் கஷ்டமா, வீட்டுக்காரரின் வசதியா, எது பெரிது என்று நீதிமன்றம் நிறுத்துப் பார்க்கிறது. 1940 ஏப்ரல் 1 முதல் தொடர்ந்து குடியிருந்து வருபவருக்கு 11(17) தனிச் சலுகை கொடுக்கிறது. எண்பது வருடத்துக்கு முந்தைய தேதி இன்றும் சட்டத்தில் நிற்கிறது. இந்தச் சட்டம் எவ்வளவு காலமாகத் திருத்துவாரின்றிக் கிடக்கிறது என்பதற்கு அது ஒன்றே சாட்சி.

இனி, பதிவுகளைத் தேடும் வழி. மத்திய அரசும் உச்ச நீதிமன்றமும் 2007 முதல் நடத்திவரும் ஈ-கோர்ட்ஸ் திட்டத்தின் இணையதளத்தில் கேரளம், திருவனந்தபுரம், நீதிமன்ற வளாகம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கு எண் தெரிந்தால் அதைக் கொடுக்கலாம். தெரியாவிட்டால் தரப்பினர் பெயர், வழக்கறிஞர் பெயர், சட்டத்தின் பெயர், வழக்கு வகை என்று பல வழிகள் உண்டு. ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. அது கையில் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம், நேரே வழக்குக்குப் போய்விடலாம்.

திறக்கும் பக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேலே வழக்கு வகை, தாக்கல் எண், பதிவு எண், தேதிகள். அதற்குக் கீழே முதல் விசாரணைத் தேதி, அடுத்த விசாரணைத் தேதி, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எந்த நீதிபதி. பிறகு மனுதாரரும் அவர் வழக்கறிஞரும், எதிர்மனுதாரரும் அவர் வழக்கறிஞரும். சட்டமும் பிரிவும். அதன் கீழே நீளமாக விசாரணை வரலாறு: எந்தத் தேதியில் எடுத்தார்கள், எந்தத் தேதிக்குத் தள்ளினார்கள், எதற்காக. முடிந்த வழக்கானால் முடிவின் தன்மை: எதிர்வாதத்துக்குப் பின் அனுமதிக்கப்பட்டது, ஒருதலைப்பட்சமாக அனுமதிக்கப்பட்டது, சமரசம், திரும்பப் பெறப்பட்டது, வராததால் தள்ளுபடி. மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணில் படுவது இரண்டே: எதிர்மனுதாரர் பெயரும் "அனுமதிக்கப்பட்டது" என்ற சொல்லும். எந்தத் துணைப்பிரிவில் உத்தரவு ஆனது என்பதை உத்தரவின் நகலைத் திறந்து படித்தால்தான் அறியலாம். மனுவில் பாக்கி, சொந்தத் தேவை என்று இரண்டு மூன்று காரணங்களைச் சேர்த்துப் போடுவது வழக்கம். அதில் பாக்கி தோற்று, சொந்தத் தேவை ஜெயித்திருக்கலாம்.

ஒருதலைப்பட்ச உத்தரவுகள் தனியாகக் கவனிக்க வேண்டியவை. நோட்டீஸ் போன முகவரியில் ஆள் இல்லை, ஒட்டிவிட்டுப் போனார்கள், தேதிக்கு யாரும் வரவில்லை, உத்தரவு ஆயிற்று. அந்த வாடகைதாரருக்கு நிறைவேற்று மனுவோடு நீதிமன்ற அமீனா வாசலில் நிற்கும்போதுதான் வழக்கு இருந்ததே தெரியவரும். அந்த நிறைவேற்று மனு வேறு எண்ணில், ஈ.பி. என்று தனியாக ஓடும். ஆர்.சி.பி.யையும் ஈ.பி.யையும் இணைத்துப் பார்க்காமல் உண்மையில் வீடு காலியானதா என்று சொல்லவே முடியாது.

பெயரில் வரும் சிக்கல் தமிழருக்கு இரட்டிப்பு. இணையதளத்தில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஏறுகின்றன. மூன்று எழுத்து கொடுத்தால் தேடும். சண்முகம் என்ற பெயர் மலையாள உச்சரிப்பில் சண்முகன் ஆகி ஒரு எழுத்துக்கோவையிலும், தமிழ் வழக்கில் இன்னொன்றிலும், பழைய பத்திர வழக்கில் மூன்றாவதிலும் இருக்கும். முன்னெழுத்து சில இடத்தில் முன்னால், சில இடத்தில் பின்னால், சில இடத்தில் விடுபட்டிருக்கும். கரமனை அக்கிரகாரத்தில் சுப்பிரமணியன்களுக்குப் பஞ்சமில்லை. தேடும் வாடகைதாரருக்குத் தன் வழக்கே கிடைக்காமல் போகலாம். தேடும் வீட்டுக்காரருக்கு வேறு யாரோ ஒருவரின் வழக்கு இவருடையதாகத் தோன்றலாம். பெயரை மட்டும் வைத்து ஒருவரை முடிவு செய்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

காகிதக் கட்டு இணையதளத்தைவிட அதிகம் பேசும். மனு, வக்கீல் நோட்டீஸ், அதன் தபால் ரசீது, கையெழுத்தான ஏ.டி. கார்டு, முத்திரைத்தாள் ஒப்பந்தம், வாடகை ரசீதுகள், மணியார்டர் திரும்பி வந்த தாள், ஆணையர் அறிக்கை, சாட்சியங்கள். வழக்கின் தரப்பினர் நகல் மனுப் போட்டு வாங்கலாம். வெளியார் கேட்டால் எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் காட்ட வேண்டும். தகவல் அறியும் சட்டத்தில் விண்ணப்பித்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு 2020 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது: நீதிமன்ற ஆவணங்களின் நகலை நீதிமன்ற விதிகளின்படிதான் பெற வேண்டும். ஆக, ஆராய்ச்சிக்காக நூறு கட்டுகளைப் படிக்க விரும்புகிறவர் ஒவ்வொன்றுக்கும் படியேற வேண்டும். ஒரு குறிப்பிட்ட ஆளைத் துழாவ விரும்புகிறவருக்கோ இரண்டு நிமிடம் போதும்.

இத்தனைக்கும் பிறகு, வெளியேற்றங்களில் ஒரு பகுதியே இந்தப் பதிவேட்டில் விழுகிறது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் எட்டாத பகுதிகளில் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்து உரிமையியல் வழக்குப் போடுகிறார்கள். அது ஓ.எஸ். (அசல் வழக்கு) என்ற பெருங்கூட்டத்தில் கலந்துவிடும். வேலித் தகராறும் பாகப் பிரிவினையும் அதே ஓ.எஸ்.தான். அரசுக் கட்டடங்களில் இருப்பவர்களை எஸ்டேட் அதிகாரி வெளியேற்றுகிறார், நீதிமன்றப் பட்டியலில் அது வராது. புறம்போக்கில் இருப்பவர்களுக்கு 1957ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டமும் தாசில்தாரும். வங்கி ஜப்தியோ இன்னும் கொடுமை. வீட்டுக்காரர் வாங்கிய கடனுக்காகச் சர்ஃபேசி சட்டத்தின் 14ஆம் பிரிவில் தலைமை நீதித்துறை நடுவரிடம் மனுப் போவது வங்கிக்கும் கடன்காரருக்கும் இடையில். குடியிருக்கும் வாடகைதாரர் அதில் தரப்பினரே இல்லை. பெயரே ஏறாத வழக்கில் அவர் வீட்டை இழக்கிறார். 2014இலும் 2016இலும் உச்ச நீதிமன்றம் இத்தகைய வாடகைதாரருக்குச் சில பாதுகாப்புகளைச் சொன்னது. ஆனால் அடமானத்துக்கு முன்பே குடியிருந்ததை ஆவணத்தோடு காட்ட வேண்டும்.

மருத்துவக் கல்லூரியையும் வட்டாரப் புற்றுநோய் மையத்தையும் சுற்றியுள்ள தெருக்களில் நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து அறை எடுத்து மாதக்கணக்கில் தங்கும் நோயாளிக் குடும்பங்கள் இருக்கின்றன. கழக்கூட்டம் பக்கம் பத்துப் பேர் ஓர் அறையில் இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். இவர்களிடம் ஒப்பந்தமும் இல்லை, ரசீதும் இல்லை. போகச் சொன்னால் போகிறார்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தினாலும் போகிறார்கள். அப்படி நிறுத்துவதை 13ஆம் பிரிவு தடுக்கிறது என்பது அவர்கள் காதுக்கு வருவதேயில்லை. எந்தப் பதிவேட்டிலும் இவர்கள் இல்லை.

நெய்யாற்றின்கரையில் 2020 டிசம்பர் 22 அன்று நடந்ததை இங்கே சொல்லாமல் விட முடியாது. அது வாடகை வழக்கு இல்லை, மூன்று சென்ட் நிலத்தைப் பற்றிய தகராறு. முன்சீப் நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றப் போலீசோடு வந்தவர்கள் முன்னால், குடும்பத் தலைவர் மனைவியை அணைத்தபடி பெட்ரோலை ஊற்றிக்கொண்டு லைட்டரை எடுத்தார். தீப்பற்றியது. சில நாளில் இருவரும் இறந்தார்கள். தந்தைக்குக் குழி தோண்டிக்கொண்டே போலீசைப் பார்த்து விரல் நீட்டிப் பேசிய அவர்களின் மகனைக் கேரளம் முழுவதும் திரையில் பார்த்தது. அன்றே உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கிடைத்தது என்று செய்திகள் வந்தன. வாசலில் நிற்கும் அமீனாவுக்கும் எர்ணாகுளத்தில் எழுதப்படும் உத்தரவுக்கும் நடுவே சில மணி நேரம் இருந்தது. பதிவுகள் மின்னணுமயமாகி என்ன பயன் என்று கேட்டால், இப்படிப்பட்ட இடத்தில் பயன்பட வேண்டும் என்பதே பதில். நிறைவேற்றப் புறப்படும் முன் மேல் நீதிமன்றத்தில் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று அன்று காலையில் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று விதி செய்ய எந்தப் புதிய தொழில்நுட்பமும் தேவையில்லை.

வழக்கு வாடகைதாரரை என்ன செய்கிறது? உத்தரவு வருவதற்கு வெகு முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறது. வழக்கு நடக்கும் வருடங்களில் வீட்டுக்காரர் ஓடு மாற்ற மாட்டார். கடையானால் மாநகராட்சி உரிமம் புதுப்பிக்கச் சம்மதக் கடிதம் தர மாட்டார். சரக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரி கடன் தவணையைச் சுருக்குவார், கடை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. வீடு மாறினால் ரேஷன் கார்டு, எரிவாயு இணைப்பு, வாக்காளர் பட்டியல், பிள்ளைகளின் பேருந்து என்று முகவரியைத் தொட்டு நிற்பது எல்லாம் மாற வேண்டும். பழைய முன்பணம் பாக்கியில் கழிந்துவிடும், புதிய முன்பணத்தை உடனே புரட்ட வேண்டும். அவசரத்தில் எடுக்கும் வீடு பெரும்பாலும் பழையதைவிட மோசமானதாகவும் வேலையிடத்துக்குத் தொலைவாகவும் அமைகிறது.

அதன் பிறகு பெயர். கீழ் நீதிமன்றப் பக்கங்களுக்கு எழுத்துச் சோதனை (கேப்ட்சா) என்ற தடுப்பாவது உண்டு. சீராய்வு மனுவாக உயர் நீதிமன்றம் போன வழக்கின் தீர்ப்போ 2008இல் தொடங்கிய இந்தியன் கானூன் போன்ற இணையதளங்களில் முழுமையாக ஏறி, கூகுளில் பெயரைத் தட்டியதும் முதல் பக்கத்தில் வந்து நிற்கிறது. வழக்கில் ஜெயித்த வாடகைதாரரின் பெயரும் அப்படியே. தரகர் ஒருவர் பார்த்தால் "கேஸ் போன பார்ட்டி" என்று ஒதுக்க அது போதும்.

இதைப் பற்றிக் கேரள உயர் நீதிமன்றம் 2022 டிசம்பர் 22 அன்று வைசாக் வழக்கில் விரிவாகப் பேசியது. நடப்பு வழக்குகளில் மறக்கப்படும் உரிமையைக் கோர முடியாது, திறந்த நீதிமன்றம் என்ற கோட்பாடு பெரிது என்றது. குடும்ப, திருமண வழக்குகளில் தரப்பினர் கேட்டால் அடையாள விவரங்களை இணையத்தில் இடக் கூடாது என்றும் சொன்னது. வாடகை வழக்குகளுக்கு அத்தகைய விலக்கு இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் குற்ற வழக்கில் விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கும்படி 2024 பிப்ரவரியில் வந்த உத்தரவை, அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. தீர்ப்புகள் மக்கள் சொத்து என்ற வாதத்தின் வலிமையை நான் மறுக்கவில்லை. நீதிபதி என்ன சொன்னார், எதற்காகச் சொன்னார் என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும். அதற்காக, வீட்டை இழந்த ஒரு தையல்காரரின் பெயர் இருபது வருடம் கழித்தும் தேடுபொறியில் நிற்க வேண்டியதில்லை.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்கா முன்னால் நிற்கிறது. அங்கே சாதாரணமாக ஓராண்டில் சுமார் 36 லட்சம் வெளியேற்ற வழக்குகள் தாக்கலாவதாகப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எவிக்ஷன் லேப் கணக்கிடுகிறது. மில்வாக்கி நகரக் குடும்பங்களோடு வாழ்ந்து 2016இல் "எவிக்டட்" என்ற நூலை எழுதிய மேத்யூ டெஸ்மண்ட் தொடங்கிய ஆய்வு மையம் அது. கோடிக்கணக்கான நீதிமன்றப் பதிவுகளைத் திரட்டி, எந்த ஊரில் எவ்வளவு என்று வரைபடமாக்கினார்கள். அதே பதிவுகளை இன்னொரு கூட்டம் வாங்கி, வாடகைதாரரின் "வரலாறு" என்று வீட்டுக்காரர்களுக்கு விற்றது. வழக்குத் தள்ளுபடியாகியிருந்தாலும் தாக்கலானதே கறையானது. அதைத் தடுக்கக் கலிஃபோர்னியா 2016இல் சட்டம் இயற்றி, வீட்டுக்காரர் 60 நாளுக்குள் ஜெயித்தாலொழிய வழக்குப் பதிவை வெளியார் பார்க்க முடியாதபடி செய்தது. பழைய வழக்கைக் காட்டி வாடகைக்கு மறுப்பதை நியூயார்க் 2019இல் தடை செய்தது. நம் ஊரில் வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்காக நீதிமன்றப் பதிவுகளைத் தேடிக் கொடுக்கும் தொழில் ஏற்கெனவே நடக்கிறது. அது வாடகை வீட்டுக்கு வர அதிக தூரம் இல்லை.

வீட்டுக்காரர்கள் எல்லாரும் பணக்காரர்கள் என்று எழுதுவது பொய். ஓய்வூதியமில்லாத முதிய பெண்ணுக்கு மாடிப் போர்ஷனின் வாடகையே மருந்துச் செலவாக இருக்கும். வழக்கு, மேல்முறையீடு, சீராய்வு, நிறைவேற்று மனு என்று நான்கு படி ஏறிக் களைத்தவர்கள் உண்டு. வளைகுடாவில் இருப்பவர்கள் வாடகைக்கு விடப் பயந்து வீட்டைப் பூட்டி வைப்பதும் இதனாலேயே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தின் கட்டடங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று காலியாகக் கிடந்தது. இந்தப் பயத்துக்கு மருந்தாக மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் மாதிரி வாடகைச் சட்டத்தை ஏற்றது. தமிழ்நாடு அதற்கு முன்பே 2017இல் புதுச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்து, பழைய 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை மூட்டை கட்டியது. எழுத்து ஒப்பந்தம் அங்கே கட்டாயம். ஒப்பந்தம் எழுதிக்கொள்ளத் தவறியதையே காரணமாகக் காட்டி வெளியேற்றம் கேட்க அதன் 21ஆம் பிரிவு இடம் தருகிறது. வாய்ப்பேச்சில் முப்பது வருடம் குடியிருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சென்னைச் சிறுவழக்குகள் நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில் கேட்டால் சொல்வார்கள். கேரளம் தன் சட்டத்தைத் திருத்தும் நாள் வரும்போது அந்தப் பிரிவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒப்பந்த விவரத்தை வாடகை ஆணையத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்ற மாதிரிச் சட்டத்தின் விதியும் யோசித்துச் செய்ய வேண்டியது. யார் எங்கே குடியிருக்கிறார் என்ற இன்னொரு திறந்த பட்டியல் அதனால் உருவாகிவிடும்.

கேரள உயர் நீதிமன்றத்திடம் கேட்க வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றங்களின் ஆண்டுக் கணக்கை வெளியிடட்டும்: வீடு எத்தனை, கடை எத்தனை, எந்தத் துணைப்பிரிவு, எதிர்வாதம் இருந்ததா, ஒருதலைப்பட்சமா, நிறைவேற்றம் நடந்ததா. எல்லா விவரங்களும் அவர்களின் கணினியில் ஏற்கெனவே ஏறியிருப்பவை. குடியிருப்பு வழக்குகளில், தள்ளுபடியானவை, சமரசமானவை, பாக்கியைக் கட்டி உத்தரவு ரத்தானவை ஆகியவற்றில் வாடகைதாரரின் பெயரை முன்னெழுத்தாகச் சுருக்கட்டும். சொந்தத் தேவைக்காக ஆன உத்தரவுகளில் அந்தக் காரணத்தை முதல் வரியிலேயே காட்டட்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. சொந்தத் தேவைக்கு என்று வாங்கிய இடத்தில் வீட்டுக்காரர் ஒரு மாதத்துக்குள் குடிவராவிட்டாலோ, ஆறு மாதத்துக்குள் விட்டுப் போனாலோ, வெளியேற்றப்பட்டவர் இடத்தைத் திரும்பக் கேட்கலாம் என்கிறது 11(12). அந்த உரிமை காகிதத்திலேயே தூங்குவதற்குக் காரணம், உத்தரவுக்குப் பிறகு என்ன நடந்தது என்று எவரும் திரும்பிப் பார்க்காததே.

உங்கள் பெயருக்கு நோட்டீஸ் வந்திருந்தால் அதை வாங்க மறுக்காதீர்கள். கவரின் மேலுள்ள தேதியை எழுதி வையுங்கள். வாடகையை வீட்டுக்காரர் கையில் வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வழக்கின் சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கி, வாரம் ஒரு முறை நீங்களே பாருங்கள், வழக்கறிஞர் சொல்லட்டும் என்று இருக்காதீர்கள். பெண்கள், பட்டியலினத்தார், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். வஞ்சியூரில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். உத்தரவு எதிராகப் போனால் அன்றே நகல் மனுப் போடுங்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். நகல் கிடைக்க ஆகும் காலம் அந்தக் கணக்கில் சேராது.